அப்பாவும் அலமாரியும் அரைப்படி புளியங்கொட்டையும்!

எங்கப்பாவை எந்தக் கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். எந்தச் சாவுக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். பர்னிச்சர் கடைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

போனால் என்ன செய்வார் தெரியுமா? விலை கேட்க மாட்டார். கலர் பார்க்க மாட்டார். நேராக ஒரு அலமாரி முன்னால் போய் நிற்பார். கதவைத் திறப்பார். தோளில் கிடக்கிற துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டு, ‘ஸ்...’ என்று ஒரு இழுப்பு! அப்புறம் தலையை வெளியே எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அலமாரிக்குப் போவார்.

போன மாசம் காந்திபுரத்தில் ஒரு கடையில் இப்படி நாலாவது அலமாரிக்குள் தலையை விட்டபோது, கடைப் பையன் பயந்துபோய் ஓடி வந்தான்.

“ஐயா, உள்ள ஏதாச்சும் விழுந்துருச்சுங்களா?”

“இல்ல தம்பி. இது மூச்சு விடுதான்னு பாத்தேன்.”

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்பா மரத் தச்சர். அவிநாசிப் பக்கம் எங்க ஊர். தாத்தா வண்டிச் சக்கரமும் ஏர்க் கலப்பையும் செய்தவர். அப்பா கதவு, நிலவு, கட்டில். நான்? பி.காம்! உளி பிடிக்க வேண்டிய கையில் பேனா. எழுதிப் பிழைக்கிறேன். (பிழைக்கிறேன் என்பது கொஞ்சம் மிகைதான். என் வீட்டுக்காரர் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால் பிழைக்கிறேன்.) அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு சரவணம்பட்டி ஃபிளாட்டில் இருக்கிறார்.

இந்த மோந்து பார்க்கிற வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

ஃபிளாட்டுக்குக் குடி வந்த புதிதில், என் வீட்டுக்காரர் தவணையில் ஒரு அலமாரி வாங்கினார். மூன்று கதவு. நடுவில் ஆளுயரக் கண்ணாடி. தேக்கு மாதிரியே இருக்கும். ‘மாதிரி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைக்காரர்கள் வந்து அரை மணி நேரத்தில் திருகாணி போட்டு நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பாப்புவின் அறையில் வைத்தோம். அவளுக்கு ஆறு வயசு. கண்ணாடி முன்னால் நின்று அவளுக்கு அவளே டாட்டா காட்டிக்கொண்டாள்.

அன்று ராத்திரியே அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, பாப்புவ இந்த ரூமுல படுக்க வைக்காதே.”

“ஏனுங்ப்பா?”

“இது மரமில்ல. மரத்தூளும் மருந்தும். கண்ணு எரியுது பாரு.”

எனக்கும் கொஞ்சம் எரிந்தது உண்மை. ஆனால் தவணைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மை காயவில்லையே! என் வீட்டுக்காரர், “புதுசுன்னா அப்படித்தானுங் மாமா இருக்கும். புதுக் காரு வாசம் மாதிரி” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை காசு போட்டு வாங்கிய சாமானைக் குறை சொல்லக் கூடாது என்பது கொங்கு நாட்டு மாமனார்களின் எழுதாத சட்டம். அதற்குப் பதிலாக, ராத்திரி ராத்திரி எழுந்து போய் அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்தார். என் வீட்டுக்காரர் கொசுவுக்காக எழுந்து போய்ச் சாத்தினார். இப்படி ஒரு வாரம் மௌன யுத்தம். ஜன்னல் கீல்தான் பாவம்.

ரெண்டாவது வாரம் பாப்புவுக்கு இருமல். டாக்டர், “தூசியா இருக்கலாம், சளியா இருக்கலாம், புது சாமான் நெடியாவும் இருக்கலாம். காத்தோட்டமா வெச்சுக்கோங்க” என்று மூன்றையும் சொல்லி, சிரப் எழுதிக் கொடுத்தார். அலமாரிதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் என் பேனா மூளை விழித்துக்கொண்டது. மருந்து மருந்து என்கிறாரே, என்ன மருந்து?

தேடிப் படித்தேன்.

* * *

விஷயம் இதுதான். மரத்தூளை, சிம்புகளைச் சேர்த்துப் பலகை ஆக்க ஒரு பிசின் வேண்டும். உலகத்தில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின். யூரியா என்றால் வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியா. ஃபார்மால்டிஹைடு? பள்ளிக்கூட ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் ஒரு தவளை பல வருஷமாக ஊறிக்கொண்டிருக்குமே, அந்த ஃபார்மலின் என்பது இந்த வாயுவின் தண்ணீர்க் கரைசல்தான். ரெண்டையும் கூட்டுச் சேர்த்து, தூளோடு கலந்து, சூட்டில் வைத்து அழுத்தினால் பலகை ரெடி. சீக்கிரம் இறுகும். நிறம் வெளிறியிருக்கும். முக்கியமாக, மலிவு.

குறை ஒன்றே ஒன்று. அந்தப் பிணைப்பு ஈரத்திலும் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். அவிழும்போது ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். புதிதில் அதிகம், நாளாக ஆகக் குறையும். ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

பி.காமில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த சூத்திரம் ஞாபகம் வந்தது: உள்ளே வருவதைப் பற்றில் எழுது, வெளியே போவதை வரவில் எழுது. சரி, அலமாரிக்குள்ளிருந்து வெளியே போவதை எந்தக் கணக்கில் எழுதுவது? அது யார் மூக்குக்குள் உள்ளே வருகிறதோ, அவர் பேரில்தானே பற்று? எந்த லாப நஷ்டக் கணக்கிலும் மூச்சுக்கு ஒரு தலைப்பு நான் பார்த்ததில்லை.

2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று முதல் வகுப்பில் சேர்த்தது. வேலையிடத்தில் வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தவர்களை ஆராய்ந்துதான் அந்த முடிவு. 2010-ல் அதே உலக சுகாதார நிறுவனம், வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு சொன்னது.

உடனே வீட்டில் இருக்கிற பலகையை எல்லாம் தூக்கி வீதியில் போட்டுவிடாதீர்கள்! பலகையிலும் ரகம் உண்டு. தண்ணீர் தாங்குகிற ஒட்டுப்பலகைக்குப் போடுகிற ஃபீனால் பிசினிலிருந்து கசிவது மிகவும் குறைவு. தச்சர்கள் டப்பாவிலிருந்து ஊற்றுகிற வெள்ளைப் பசை வேறு ஜாதி. தொல்லை பெரும்பாலும் மலிவு ரகத் தூள் பலகையில்.

அறிகுறிகள் பட்டியலையும் படித்தேன். கண் எரிச்சல். கண் சிவத்தல். மூக்கு, தொண்டை எரிச்சல். இருமல்.

‘கண் சிவத்தல்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஓகோவென்று போன காலம். கம்பெனிக்குக் கம்பெனி கண்ணாடி ஆபீஸ், கேபின், தடுப்பு. ஊரில் கதவு, நிலவு வேலை குறைந்ததும் அப்பா திருப்பூருக்குப் போக ஆரம்பித்தார். காலையில் முதல் பஸ், ராத்திரி கடைசி பஸ். நாள் முழுக்க மூடிய அறைக்குள் பலகை அறுக்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது கண் ரெண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கும். பேச்சு குறைவு. வந்ததும் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீதியில் இன்னும் ரெண்டு பேர் அப்படிச் சிவந்த கண்ணோடு வருவார்கள். அவர்கள் எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்று வீதிக்கே தெரியும். எனக்குப் பத்து வயசு. நானாகவே ஒரு கணக்குப் போட்டு, ஒரு முடிவுக்கு வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் யாராவது, “உங்கப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். ஒரு தடவை மிட்டாய் வாங்கி வந்து நீட்டினார். “எனக்கு வேண்டாம்” என்று போய்விட்டேன்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். அப்பா பாப்புவோடு தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

* * *

பல்லாங்குழிக்கு என்று நினைத்தேன். இல்லை. பாப்புவின் மணையில் அடிச் சட்டம் கழன்றுவிட்டது. அதை ஒட்டப் பசை காய்ச்சப் போகிறாராம்!

“வெள்ளப் பசை டப்பா அம்பது ரூபாய்க்குக் கெடைக்குதுங்ப்பா.”

“கெடைக்கட்டும். எங்கப்பன் இதுலதான் ஒட்டுவாரு. பாப்புவுக்குக் காட்டறன்.”

தாத்தா காலத்துத் தச்சுப் பட்டறையில் ரெண்டு பசை. ஒன்று வச்சிரம். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் வச்சிரக் கட்டி உருக, சூடு ஆறுவதற்குள் பூசி அழுத்த வேண்டும். நாற்றம் நாலு வீதிக்குப் போகும். சாமி ரூம் கதவையும் அதில்தான் ஒட்டினார்கள் என்பதைச் சுத்த சைவர்கள் தயவுசெய்து மறந்துவிடவும். 1959-ல் ஃபெவிகால் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வச்சிரத்துக்கு விடை கொடுத்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை. தச்சர்கள் ஏன் மாற மாட்டார்கள்?

இன்னொன்று புளியங்கொட்டைப் பசை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டுகிறார்களே, அதற்கு இதுதான். சணல் ஆலை, பஞ்சாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் புளியங்கொட்டை மாவு போயிருக்கிறது. மரத்தின் நாரும் புளியங்கொட்டையின் மாவுச் சத்தும் சர்க்கரைச் சங்கிலிகள்தான், பங்காளி உறவு. அதனால்தான் ஒன்றை ஒன்று பார்த்தவுடன் பிடித்துக்கொள்கின்றன.

அப்பா அரைப்படி கொட்டையை வறுத்தார். ஊற வைத்தார். தோல் நீக்கினார். என் மிக்ஸியில் போட்டு அரைத்தார். (மிக்ஸி பிளேடு பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.) தண்ணீர் ஊற்றிக் கிண்டக் கிண்ட, பழுப்பாக, பளபளவென்று திரண்டு வந்தது. எதிர் ஃபிளாட் அக்கா வாசம் பிடித்து எட்டிப் பார்த்து, “ஏனுங், என்ன விசேசம்? அல்வாவா?” என்றார். அப்பா பெருமையாக, “மணை ஒட்டறதுக்குங்” என்றார். அக்கா மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூசி, கயிறு கட்டி, அம்மிக் குழவியைப் பாரம் வைத்து, ரெண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் அப்பாவே மணை மேல் ஏறி நின்று காட்டினார். கிண்ணென்று இருந்தது! பாப்பு கை தட்டினாள். என் வீட்டுக்காரர்கூட, “பரவால்லீங் மாமா” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பு மணையைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அதன் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சட்டம் தனி, பலகை தனி!

அப்பா கழன்ற சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தண்ணிக்கு நிக்காது. எங்கப்பனும் சொல்லுவாரு” என்றார். முகம் சுண்டிவிட்டது. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போக, “உட்ரு அம்மிணி” என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

* * *

அப்பாவின் தோல்வி அப்பாவுடையது மட்டும் இல்லை. இயற்கைப் பசைகள் எல்லாவற்றுக்கும் ரெண்டே எதிரிகள்: ஒன்று தண்ணீர். இன்னொன்று, அதைத் தின்கிற ஜீவராசிகள். சினிமா போஸ்டரை மாடு கிழித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹீரோ மேல் கோபமில்லை. பின்னால் இருக்கிற மைதாப் பசைதான் அதற்கு டிபன். அதனால்தான் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுகிறார்கள். ரெண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ‘மாஸ்கிட்டோ’ என்று மர விமானமே கட்டியது. ஆரம்பத்தில் அதை ஒட்டியது பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை! பாலில் எடுத்ததாயிற்றே, ஈரம் பட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பிறகு அதிலும் ஃபார்மால்டிஹைடு பிசினுக்கே மாறினார்கள். இப்படித்தான் போர்க்காலத்தில் அது ஜெயித்தது. அதன் பிறகு நம் வீட்டு அலமாரி வரை வந்துவிட்டது.

அப்படியானால் தண்ணீருக்குள்ளேயே ஒட்டுகிற பசை இயற்கையில் இல்லவே இல்லையா?

இருக்கிறது. நம்ம பாலக்காட்டுப் பக்கத்து ஓட்டலிலேயே தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கல்லும்மக்காய்! கடல் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற கறுப்புச் சிப்பி. அலை வந்து அடி அடி என்று அடித்தாலும் விடாது. உப்புத் தண்ணீருக்குள்ளேயே தன் உடம்பிலிருந்து நூல் நூலாக ஒரு புரதத்தை விட்டு, பாறையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தில் ‘டோபா’ என்று ஒரு விசேஷமான அங்கம் இருக்கிறது. ஈரத்தை விலக்கிப் பாறையைப் பிடிக்கிற வித்தை அதனிடம்தான்.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர வேதியியல் பேராசிரியர் கைசாங் லீ இந்தச் சிப்பியைப் பார்த்து யோசித்தார். சிப்பிப் புரதத்தை டன் கணக்கில் எடுக்க முடியாது. ஆனால் சோயா மொச்சைப் புரதம் மலிவாக, மலை மலையாகக் கிடைக்கிறது. சோயாவைச் சிப்பி மாதிரி நடக்கப் பழக்கினால் என்ன? சோயா மாவோடு இன்னொரு பிசினைச் சேர்த்தார். காகிதக் கைத்துண்டு நனைந்தாலும் கிழியாமல் இருக்க ஆலைகளில் சேர்க்கிற பிசின் அது. சூட்டில் அழுத்தியதும் ரெண்டும் பின்னிக்கொண்டு, தண்ணீருக்கு நிற்கிற பசை ஆகிவிட்டது. ஃபார்மால்டிஹைடு சேர்க்கவே இல்லை. கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் என்ற ஒட்டுப்பலகைக் கம்பெனி தன் ஆலைகளில் இதற்கு மாறியது. 2006-ல் மட்டும் 2 கோடி கிலோவுக்கு மேல் பழைய பிசினுக்கு விடுதலை! 2007-ல் அமெரிக்க ஜனாதிபதியின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. அதே 2007-ல் கலிஃபோர்னியா மாநிலம், பலகையிலிருந்து இவ்வளவுக்கு மேல் வாயு கசியக் கூடாது என்று சட்டம் போட்டு, 2009-லிருந்து அமலுக்குக் கொண்டுவந்தது. விருதைவிடச் சட்டம்தான் ஆலைக்காரர்களை வேகமாக ஓட வைத்தது என்பது இந்தக் கணக்குப் பிள்ளையின் தாழ்மையான கருத்து.

நூற்றுக்கு நூறு இயற்கையா என்றால், இல்லை. அந்த இரண்டாவது பிசின் ரசாயனம்தான். ஆனால் தூங்குகிற குழந்தையின் மூக்குக்கு அது வாயு அனுப்புவதில்லை. எனக்கு அது போதும்.

நம்ம ஊர் என்ன சும்மா இருந்ததா? பெங்களூரில் 1962-ல் தொடங்கப்பட்ட ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய், மரப்பட்டைத் துவர்ப்பு, மரத்திலேயே இருக்கிற லிக்னின் இவற்றையெல்லாம் ஃபீனாலுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்த்துப் பிசின் செய்து பார்த்தது. பண்ருட்டியில் முந்திரி உடைத்தால் கையைப் பொத்துப் போக வைக்கிறதே, அந்த எண்ணெய்தான்! துவர்ப்பு என்றால் தோல் பதனிட ஆவாரம்பட்டையில் எடுக்கிறார்களே, அந்த ரகம். தென்னாப்பிரிக்காவில் 1970-களிலிருந்தே வாட்டில் மரப்பட்டைத் துவர்ப்பில் பலகை ஒட்டுகிறார்கள். நம்ம நீலகிரியில் வாட்டில் மரம் களை மாதிரி மண்டிக் கிடக்கிறது.

பிறகு ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். காசுதான். மலிவு பிசின் சீக்கிரம் இறுகும். இவை கொஞ்சம் மெதுவாக. மலிவு பிசினுக்கென்றே ஆலையில் யந்திரங்கள் நிற்கின்றன. வாங்குகிறவர்களாகிய நாமும் அலமாரியின் விலையைக் கேட்கிறோமே தவிர, பிசின் என்ன என்று கேட்டதே இல்லை.

* * *

ஒரு சனிக்கிழமை அப்பாவை ஆர்.எஸ்.புரம் வனத்துறை வளாகத்தில் இருக்கிற கேஸ் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1902-ல் ஆரம்பித்தது. அதே வளாகத்தில்தான் 1988-லிருந்து வன மரபியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மியூசியத்தில் மரத் துண்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அப்பா பெயர்ப் பலகையைப் பார்க்கவே இல்லை. “வேங்கை... ஈட்டி... கருமருது...” என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தோம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்காரர்கள் சொல்லி, நம்ம பக்கத்து விவசாயிகள் ஒட்டுப்பலகைக்காக மலைவேம்பு நட்டு வளர்க்கிற கதையைச் சொன்னேன். “மரம் நம்ம தோட்டத்துல. பசையும் நம்ம தோட்டத்துல வந்துட்டா நல்லாத்தான் இருக்கும்” என்றார். சிப்பிக் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். “தண்ணிக்குள்ளயே ஒட்டுதா! கெட்டிக்கார ஜென்மம்” என்றார்.

இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன்.

“ஏனுங்ப்பா, திருப்பூருக்குப் போயிட்டு வர்றப்ப கண்ணு செவந்து வருவீங்களே...”

“பலகைப் பொகைச்சல் அம்மிணி. ஏசி ஆபீசுங்கறதுனால சன்னல் வெக்க மாட்டாங்க. உள்ளார நின்னு அறுத்தா கண்ணுல மொளகாப்பொடி போட்டாப்ல இருக்கும்.”

“அப்பவே சொல்லிருக்கலாமுல்லீங்?”

“சொல்லி? போக வேண்டாம்பீங்க. அப்பறம் உன்ற காலேசுக்கு யாரு கட்டறது?”

2006-லிருந்து 2009 வரை. ஆறு செமஸ்டர். ஒவ்வொன்றுக்கும் பணத்தை நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, மேலே கைக்குட்டையை வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். வரவு எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே கணக்குப் படித்த பட்டதாரி நான். 2004-ல் அந்தப் புற்றுநோய் அறிவிப்பு வந்தபோது நான் பத்தாவது. அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் அவர் அந்த மூடிய அறைகளுக்குள் நின்றிருக்கிறார். அவிநாசியப்பன் புண்ணியத்தில் இதுவரை நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“நான்... நீங்க குடிச்சுட்டு வர்றீங்கன்னு நெனச்சுட்டிருந்தேனுங்ப்பா. இத்தன வருசமா.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்! துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“உங்கம்மாளும் அப்படித்தான் நெனச்சா. மொத நாளே வாசப்படியில நிறுத்தி, ‘ஊதுங்க பாக்கலாம்’னுட்டா! ஊதுனன். மோந்து பாத்துட்டு, ‘இதென்ன கருமம் மருந்து வாசம்’னு சொல்லிட்டு, வெளக்கெண்ணெய் கொண்டாந்து கண்ணுல உட்டா. நீயும் கேட்டிருந்தீன்னா ஊதியிருப்பனே!”

கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் தீர்ந்த சந்தேகம், எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தி, அப்பாவிடம் மிட்டாய் வாங்கித் தரச் சொன்னேன். “பாப்புவுக்கா?” என்றார். “எனக்கு” என்றேன்.

* * *

அலமாரியைத் தூக்கிப் போடவில்லை. இன்னும் ஏழு தவணை பாக்கி! ஆனால் அதைப் பாப்புவின் அறையிலிருந்து ஹாலுக்கு, பால்கனிக் கதவு ஓரமாக நகர்த்திவிட்டோம். மாமனாரும் மருமகனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். நகர்த்தும்போதுதான் அப்பா பின்பக்கத்தைப் பார்த்தார். முன்னால்தான் தேக்கு வேஷம்; முதுகுப் பலகையும், ஓரங்களும், திருகாணி ஓட்டைகளும் பச்சைத் தூளாகத் திறந்து கிடந்தன. “இங்கிருந்துதான் மூச்சு விடுது” என்றார். ஓரப் பட்டை வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு விளிம்பாக மூடி ஒட்டினார். ஓட்டைகளை அடைத்தார். மூடாத ஓரங்களை மூடினால் கசிவு குறையும் என்று நான் படித்ததை அவரிடம் சொல்லவே இல்லை. அவர் மூக்கே சொல்லிவிட்டது. கதவுகளைப் பகலெல்லாம் திறந்து வைத்தோம். ஆறேழு மாசத்தில் நெடி நன்றாகக் குறைந்துவிட்டது. பாப்புவின் இருமலும் போய்விட்டது. எது காரணம் என்று டாக்டர் மாதிரி நானும் மூன்றையும் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் அந்த மணை? அப்பா பசையையே விட்டுவிட்டார். சட்டத்தில் கழுந்து செதுக்கி, பலகையில் துளை போட்டு, குறுக்கே மூங்கில் ஆணி அடித்து இறுக்கினார். தண்ணீர் பட்டால் மரம் ஊறி இன்னும் இறுகுகிறது. பாப்பு தினமும் குளியலறையில் சோதனை நடத்துகிறாள். ரெண்டு வருஷமாக மணை ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

“அப்புச்சி, இதுக்கு என்ன பசை போட்டீங்க?”

“பசையே இல்ல கண்ணு.”

மிச்சமிருந்த புளியங்கொட்டைப் பசையைப் பாப்பு பள்ளிக்கூட நோட்டில் படம் ஒட்டப் பயன்படுத்தினாள். கரப்பான் பூச்சிகள் அந்த நோட்டை மிகவும் விரும்பிப் படித்தன.

இப்போது பாப்புவுக்கு ஒரு படிக்கிற மேஜை வேண்டும். அதற்குத்தான் போன மாசம் காந்திபுரம் போனது. கடைப் பையனிடம், “பலகையில ஈ-ஒண்ணு, ஈ-ஜீரோன்னு ஏதாச்சும் அச்சடிச்சிருக்குதுங்களா? ஓரமெல்லாம் மூடியிருக்குதா?” என்று கேட்டேன். ஈ-ஒண்ணு என்பது கசிவுக்கு ஐரோப்பாக்காரர்கள் வைத்த அளவு. ஜீரோ என்றால் அதைவிடக் குறைவு. பையன் முழித்துவிட்டு முதலாளியைக் கேட்கப் போனான். பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முதலாளி பதில் வைத்திருப்பார்.

அவன் திரும்பி வருவதற்குள் நானும் ஒரு அலமாரியின் கதவைத் திறந்தேன். துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.

“மேடம், நீங்களுமா? என்னங் பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல தம்பி. ஊதச் சொல்லிப் பாக்கறேன்.”